கலவையில் இல்லாத இலை

அந்தப் பைப் புகையிலைக் கடையில் அவருக்கு மூக்கர் என்று பெயர். இலையை முகர்ந்தே அது வெயிலில் காய்ந்ததா, நிழலில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு அன்று மதியம் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது.

விஷயம் இதுதான். ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் இருபது வருடமாக லட்டாக்கியா கலந்த புகையிலையையே பைப்பில் பிடித்துவந்தார். லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் வாட்டிய கறுப்பு இலை. ஒரு சிட்டிகை போட்டாலும் மற்ற இலைகளின் வாயை அடைத்துவிடும். அந்த நெடி இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். போன மாதம் லட்டாக்கியாவே சேர்க்காமல் மூக்கர் இரண்டு கலவைகள் கொடுத்தார். இரண்டையும் ஜட்ஜ், "புகை நெடி இருக்கே" என்று திருப்பிவிட்டார்.

"மூணாவதும் சொதப்பினா, கலவை மேஜைய உங்க சகலைகிட்ட குடுத்துடுவேன்" என்றார் முதலாளியம்மா. இன்று நாலு மணிக்கு ஜட்ஜ் வருகிறார்.

மூக்கர் காலையில் முதல் சீட்டு எழுதினார்: வர்ஜினியா ஏழு பங்கு, பர்லி இரண்டு, பெரிக் ஒன்று. இனிப்புக்கு வர்ஜினியா. அது திகட்டாமலிருக்க, வறுத்த கடலை வாசமுள்ள பர்லி. அழுத்திப் புளிக்கவைத்த பெரிக், மிளகுக் காரத்துக்கு. ருசி பார்க்கும் பைப்பில் அடைத்து இழுத்தார்.

விறகுப் புகை!

பர்லிமேல் சந்தேகம் விழுந்தது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும் இலை அது. பர்லியை நீக்கி இரண்டாம் சீட்டு எழுதினார். புகை போகவில்லை. பெரிக்கையும் நீக்கினார். வெறும் வர்ஜினியா, புதுப் பெட்டியை உடைத்து எடுத்தது. அதிலும் அதே நெடி.

பச்சைத் தண்ணீரில் உப்புக் கரித்தால் எப்படி இருக்கும்? தண்ணீரைச் சந்தேகிப்பதா, நாக்கைச் சந்தேகிப்பதா? நாக்கு போய்விட்டால் இந்த மேஜையில் தனக்கு என்ன வேலை?

"என்ன சகலை, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" இலை நறுக்கும் மேஜையிலிருந்து குரல் வந்தது. மூக்கரின் மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

"போடாததெல்லாம் வாசம் அடிக்குதுய்யா."

"வயசாகுதுல்ல!"

மூக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. வர்ஜினியாவையும் நீக்கினால் மிச்சம் என்ன? பைப்பைத் தட்டிக் காலிசெய்து, துடைத்து, வெறுமனே இழுத்துப் பார்த்தார். இலையே இல்லை, புகை நெடி இருந்தது.

"சகலை, இந்தப் பைப்ப யாராவது எடுத்தாங்களா?"

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "நேத்து என்னோடது அடைச்சுக்கிச்சு. அதான் ரெண்டு வாட்டி... ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுதானே வச்சேன்!"

"லட்டாக்கியாவா?"

"பின்ன, மல்லிகைப் பூவா?"

பைப்பின் மரம் அந்த நெடியைக் குடித்துவிட்டால் லேசில் கக்காது. அதனால்தான் லட்டாக்கியாவுக்கென்று அங்கே தனிப் பைப். மூக்கருக்குப் பாதி உயிர் வந்தது. பாதிதான். நேற்றுக் கெட்ட பைப், போன மாதக் கலவைகளை எப்படிக் கெடுத்திருக்கும்?

நாலு மணிக்கு ஜட்ஜ் வந்தார். மூக்கர் முதல் சீட்டுக் கலவையை நீட்டினார். ஜட்ஜ் தன் பழைய பைப்பில் அடைத்து, நாலு இழுப்பு இழுத்து, உதட்டைப் பிதுக்கினார். "அதே நெடிதான்யா."

முதலாளியம்மா சகலை பக்கம் திரும்பினார். மூக்கரோ ஜட்ஜின் பைப்பையே பார்த்தார். இருபது வருடம்.

"ஐயா, கோவிச்சுக்காம அத காலி பண்ணி, சும்மா ஒரு தடவ இழுங்க."

"சும்மாவா? எதுக்குய்யா?"

"இழுங்களேன்."

ஜட்ஜ் இழுத்தார். பைப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். காலையிலிருந்து மூக்கர் முகத்தில் குடியிருந்த குழப்பம் அப்படியே அவர் முகத்துக்கு இடம் மாறியது.

முதலாளியம்மா அலமாரியைத் திறந்து ருசி பார்க்கப் புதுப் பைப் ஒன்றை எடுத்து, மூக்கரின் கலவை மேஜைமேல் வைத்தார்.