ஈஸ்டர் பாட்டும் ஒரு மதர்போர்டும்

திரையில் நீலக்கோடு பாதியைத் தாண்டியபோது ஈவ்லினின் போன் அடித்தது. அழைத்தது கணவனின் அக்கா மெட்டில்டா.

“தம்பிக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. நீ எங்க இருக்க?”

“தாம்பரத்துல அண்ணி. இதோ கிளம்பிடறேன்.”

“இன்னும் கம்ப்யூட்டர் கடையிலதானா?”

மெட்டில்டா போனை வைத்துவிட்டாள்.

கடை மேசைமேல் மதர்போர்டு வெறுமனே மல்லாந்து கிடந்தது. அதன் பயாஸ், கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும் மென்பொருள், புதிதாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் கை மின்வயர்ப் பக்கம் போனதைக் கடைக்காரர் துளசிங்கம் பார்த்துவிட்டார்.

“இப்ப புடுங்குனா போர்டு செத்துடும்மா. கொஞ்சம் பொறு. யூபிஎஸ் கீது, கரண்ட் போனாலும் தாங்கும்.”

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் பிரசன்னா ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் போகும் சர்ச்சில் பாடகர் குழுவையும் அவன்தான் நடத்தினான். பாட்டுக்கு இசை சேர்க்க அவன் பழகியிருந்த மென்பொருள் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். மேக் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்த ஈவ்லின், “மேக் வாங்கத்தானே முடியாது? சாதா கம்ப்யூட்டர மேக்குன்னு நம்ப வெக்கலாம்” என்றாள். எந்த போர்டு ஒத்துவரும், எது கடைசி நிமிடத்தில் காலை வாரும் என்று மாதக்கணக்கில் படித்து, ஒன்றைப் பூட்டிக் கொடுத்தாள். முதல்முறை அந்தக் கடித்த ஆப்பிள் திரையில் வந்தபோது பிரசன்னா அவளைத் தூக்கிச் சுற்றினான்.

போன வாரம் இடி இடித்த மாலையில் அந்த போர்டு போய்விட்டது. தப்பிய ஹார்ட் டிஸ்க் வட்டில் இருந்தது அவன் இசையமைத்த ஈஸ்டர் பாட்டு. குழுவில் ஒவ்வொருவரையும் வீட்டுக்கு வரவழைத்து, ஜன்னலுக்கு மெத்தையை அண்டக் கொடுத்துப் பதிவு செய்தது. அதற்குள் அவனுக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றி, ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஜெர்சன் தன் மேக் லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்த வட்டை மாட்டிப் பார்த்தான். பாட்டு திறந்தது. பாதி வாத்தியங்கள் ஊமையாக இருந்தன.

“அந்த மெஷின்ல போட்டாதான் எல்லா சவுண்டும் வரும்” என்றான் பிரசன்னா. இன்று காலை அவளே கேட்டாள்: “போயிட்டு வரட்டா? இல்ல, பக்கத்துலயே இருக்கட்டா?”

அவன் யோசித்துத்தான் சொன்னான். “போ ஈவி. எனக்கு அத முழுசா கேக்கணும்.”

அவள் ப்ராசஸருக்குப் பொருந்தும் போர்டுகள் துளசிங்கத்திடம் இரண்டே இருந்தன. ஒன்று பளபளவென்று புதியது, உடனே ஓடும். ஆனால் அதன் பயாஸில் சிஎஃப்ஜி லாக் என்ற பூட்டைத் திறக்கும் வழியே கண்ணில் படவில்லை. அந்தப் பூட்டு இருக்கும்வரை, அவள் எழுதி வைத்திருந்த அமைப்பில் மேக் எழுந்திருக்காது. மற்றது பழையது, தூசி படிந்தது. எல்லாப் பூட்டையும் திறக்கலாம். ஆனால் அதன் பழைய பயாஸுக்கு இவள் ப்ராசஸரை அடையாளமே தெரியாது.

“புதுச எடுத்துக்கினு போம்மா. ஏன் ரிஸ்க்கு?” என்றார் துளசிங்கம்.

“புதுசு விண்டோஸுக்கு நல்லாருக்கும்ணா. எனக்குப் பழசுதான். உங்ககிட்ட இருக்கற பழைய ப்ராசஸர மாட்டி, பயாஸ மட்டும் ஏத்திக் குடுங்க.”

நீலக்கோடு முழுதானது. அவள் பூட்டைத் திறந்து, சேமித்து, போர்டைத் துப்பட்டாவில் சுற்றி ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் வைத்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் பஸ்களுக்கு நடுவே நின்றபோது வாய்விட்டு ஜெபித்தாள். எதற்காக என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வீட்டில் பிரசன்னா கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

“அவன் கையப் புடிச்சிட்டு உக்காரேன், ஈவ்லின்” என்றாள் மெட்டில்டா. கோபமாக இல்லை, கெஞ்சலாக.

“நீங்க புடிச்சிக்கோங்க அண்ணி. என் கைக்கு இங்க வேலை இருக்கு.”

பொத்தானை அழுத்தினாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, நடுவில் நின்றுவிட்டன. மறுபடி அழுத்தினாள். அதே இடம். பயாஸுக்குள் போய்ப் பார்த்தாள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. கடையில் திறந்த பூட்டு மறுபடி பூட்டிக் கிடந்தது. பிறகு புரிந்தது. போர்டிலிருந்த பொத்தான் வடிவ பேட்டரி செத்துப்போய், கடையில் செய்ததையெல்லாம் போர்டு வழியிலேயே மறந்துவிட்டது. செத்த போர்டின் பேட்டரியை நகத்தால் நெம்பியெடுத்து இதில் பொருத்தினாள். பூட்டைத் திறந்தாள். சேமித்தாள்.

எழுத்துகள் ஓடின. நிற்கவில்லை. ஆப்பிள் வந்தது.

“வந்துடுச்சு” என்றாள்.

பிரசன்னா சிரித்தான். பல நாளாக அந்த முகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு. மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் தாழ்வாக ஆண்கள், பிறகு வயலின்கள், பிறகு எல்லாரும். *கல் புரண்டது, காலை வந்தது.* ஒரு வாத்தியமும் ஊமையாக இல்லை. பிரசன்னா போர்வைமேல் விரலால் தாளம் போட்டான். பாட்டு முடிந்ததும் உதட்டை அசைத்தான். அவள் காதைக் கொண்டுபோனாள்.

“ஆல்டோ கம்மியா இருக்கு. ஏத்து.”

பெண்களின் கீழ்க்குரலான அந்த ஆல்டோவில் தனித்துப் பாடியவள் அவள்தான். பதிவு செய்த நாளில், மற்றவர்களுக்கு அடியில் இருக்கட்டும் என்று அவளே குறைத்து வைக்கச் சொல்லியிருந்தாள். இப்போது ஏற்றினாள்.

“இன்னும்.”

இன்னும் ஏற்றினாள். மறுபடி முழுப் பாட்டும் ஓடியது. அவன் கண் மூடிக் கேட்டான். “இதான்” என்றான். வெயில் சாய்வதற்குள், மெட்டில்டா ஒரு கையையும் ஈவ்லின் ஒரு கையையும் பிடித்திருக்க, போய்விட்டான்.

மறுநாள் சர்ச் நிரம்பி வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். பெட்டி பீடத்தின் முன்னால் இருந்தது. குழுவால் பாட முடியவில்லை. எழுந்து நின்றார்கள், குரல் வரவில்லை. ஈவ்லின் ஜெர்சனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பதிவைப் போட்டான்.

“ஈஸ்டர் பாட்டா?” என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

“என் தம்பி பாட்டு” என்றாள் மெட்டில்டா, திரும்பாமலே.

ஸ்பீக்கர்களிலிருந்து வந்த பாட்டு கூரைவரை ஏறியது. இரண்டாவது சரணத்தில் ஈவ்லின் எழுந்து போய் ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்று, ஸ்பீக்கரில் ஒலித்த தன் குரலோடு சேர்ந்து பாடினாள். பக்கத்தில் நின்றவள் சேர்ந்துகொண்டாள். பிறகு ஆண்கள். பிறகு வரிசை வரிசையாக மற்றவர்கள், வார்த்தை தெரியாதவர்கள்கூட. வாசலில் நின்றவர்கள் உள்ளே நகர்ந்து வந்தார்கள்.

ஜெர்சன் மிக்ஸரின் குமிழை மெல்ல, மெல்லக் குறைத்தான். அது பூஜ்யத்துக்கு வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.