கைராசிக்காரியின் லீவு

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் என் கைக்கு மட்டும்தான் ஓடும். மெஷின் தரும் முடிவுகளை எடுத்து, ஆளாளுக்கு ரிப்போர்ட் அச்சடிக்கிற இருபது வரி கம்ப்யூட்டர் புரோகிராம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு எழுதியது. வேறு யார் ஓட்டினாலும் 'முடிவுகள் ஃபோல்டர் இல்லை' என்று கறுப்புத் திரை கைவிரித்துவிடும். மேனேஜர் எனக்குக் கைராசிக்காரி என்று பேர் வைத்தார். வைத்த கையோடு லீவையும் நிறுத்தினார். போன வருஷம் அக்கா கல்யாணத்தன்று நான் ரிப்போர்ட் அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று நாலு மணிக்கு அக்காவுக்கு ஆபரேஷன், தலைப்பிரசவம். அம்மா இல்லை, அக்கா வீட்டுக்காரர் கப்பல் வேலையில். "நீ வந்தாத்தான்டி உள்ள போவேன்" என்று நேற்றே அழுதாள். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, செய்ய வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டு வேறு. உட்கார்ந்ததும் போன் அடித்தது, மேனேஜர்.

"ஓடலைம்மா. முப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. இறங்கி வா."

"சார், அடுத்த பஸ் ரெண்டு மணிக்குத்தான். போய்ச் சேரவே மூணு மணி நேரம், அதுல போனா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"நான் என்ன பண்ணட்டும்? உன் கைராசி எனக்கில்லையே!"

பையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்துவிட்டேன். அங்கேதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தாள்ல இருக்கறதை அப்படியே அடிச்சீங்களா?"

"எழுத்து மாறாம அடிச்சேன். திரை திறந்ததும் ஸ்கிரிப்ட் பேரு. அதைத்தானே எழுதியிருக்க?"

ஐயோ! நான் முதலில் அடிப்பது அது இல்லையே. லேப் ஃபோல்டருக்குள் போவேன், பிறகுதான் ஸ்கிரிப்ட். கை தானாகச் செய்வதால் எழுதவே தோன்றவில்லை. ஸ்கிரிப்டிலும் 'முடிவுகள்' என்று மட்டும் இருந்தது, எங்கே இருக்கிற முடிவுகள் என்று இல்லை. அது பாவம், ஓட்டுகிறவர் எந்த ஃபோல்டரில் நிற்கிறாரோ அங்கேயே தேடியிருக்கிறது.

"சார், லேப் ஃபோல்டருக்குள்ள போகணும். மொதல்ல இங்கிலீஷ்ல சி, டி, ஒரு இடம் விட்டு லேப்னு அடிங்க. அப்புறம் ஸ்கிரிப்ட்."

பிரிண்டர் இரைவது போனில் கேட்டது.

"அட, ஓடுதும்மா! இவ்வளவுதானா? அப்ப அக்கா கல்யாணத்துக்கே போயிருக்கலாமே?"

போயிருக்கலாம். அவர் என்னைக் கட்டிப்போட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். மற்றவர்களுக்கு ஏன் ஓடவில்லை என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. கைராசிக்காரி என்ற பேர் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"ஏம்மா, ஏறுறியா இறங்குறியா?" கண்டக்டர் கத்தினார்.

"ஏறுறேண்ணே."

என் சீட்டில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். நின்றுகொண்டே போனேன். கல்யாணத்துக்கு என்னை விடவில்லை என்று அக்கா இன்னும் மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தை பிறக்கட்டும், சொல்லிவிட வேண்டும்.