மேனேஜரின் இடது கண்

சித்தப்பாவிடம் இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டைக் குதிரை இருந்தது. பூங்காவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவரும். எதற்கும் அவசரப்படாததால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

ஒரு வாரமாக மேனேஜர் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றது. தண்ணீரும் வழிந்தது. கண்ணடிக்கிறது என்று குழந்தைகளுக்கு ஒரே குஷி. சித்திக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"வலிக்குதுங்க அதுக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

"வெறும் தூசி. பார்வை பக்காவா இருக்கு, பாரு."

சித்தப்பா தொப்பியைக் கழற்றி அந்தக் கண்ணுக்கு முன்னால் விசிறுவார். மேனேஜர் இமைக்கும். தினமும் காலையில் இந்தப் பரீட்சை. தினமும் மேனேஜர் பாஸ்.

கடைசியில் சித்தியே போன் போட்டாள். டாக்டரம்மா வந்து, கொட்டகையை இருட்டாக்கி, கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சித்தப்பா முந்திக்கொண்டு தொப்பியை விசிறிக் காட்டினார்.

"தொப்பி காத்தடிக்குது சார். காத்தடிச்சா குருட்டுக் கண்ணும் இமைக்கும்."

டாக்டரம்மா மேனேஜரின் வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் நழுவவிட்டார். மேனேஜர் அசையவில்லை. கையை எடுத்துவிட்டு வலது கண்ணுக்கு முன்னால் விட்டார். தலை கூடவே இறங்கியது; பஞ்சைத் தின்னவும் பார்த்தது.

சித்தப்பா பஞ்சை வாங்கி இடது பக்கம் ஐந்து முறை போட்டார்.

"இதைவிடப் பெருசா பஞ்சு இருக்கா மேடம்?"

டாக்டரம்மா ஒரு முழுச் சுருளையே கொடுத்தார். அதுவும் சும்மா விழுந்தது.

"கண்ணுக்குள்ள வீக்கம். விட்டு விட்டு வர்ற நோய், முன்னாடியும் வந்திருக்கும். இந்தக் கண்ணுல பார்வை போயிடுச்சு, வலியை மட்டும் குறைக்கலாம். வலது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே மருந்து போட்டா காப்பாத்தலாம்."

"போன வாரமே கூப்பிட்டிருந்தா?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஒரு வார வலியாவது மிச்சமாயிருக்கும்."

'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல சித்திக்குச் சட்டப்படி முழு உரிமை இருந்தது. மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சவாரி நின்றது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கண்ணுக்கும் மருந்து. ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா வந்து வலது கண்ணைப் பார்த்தார். தெளிவாக இருந்தது.

சத்தமில்லாமல் இடது பக்கம் வந்தால் மேனேஜர் மிரள்கிறது. அதனால் சித்தப்பா அந்தப் பக்கமே நடக்கிறார், ஓயாமல் பேசிக்கொண்டு: "நான்தான். பள்ளம் வருது. இப்ப வாளி."

"கல்யாணமாகி இருபது வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல" என்றாள் சித்தி.

"உனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லாயிருக்கே" என்றார் சித்தப்பா.