ஒரே நாளில் முடிந்த ஓய்வு வாரம்

அலுவலகத்தில் விற்பனை மேலாளருக்கு ‘டார்கெட்’ என்று பட்டப்பெயர். மாத இலக்கை இருபதாம் தேதிக்குள் முடித்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் கீழே இருக்கும் ஆறு பேரின் உயிரை வாங்குவார். லீவு என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. ஜிம்மிலும் அதே புத்திதான்.

“மூணு வாரமா வெயிட் ஏத்திக்கிட்டே வந்துட்டீங்க சார். இந்த வாரம் பாதி வெயிட்தான். உடம்பு கொஞ்சம் ஆறணும், இல்லன்னா எங்கயாவது பிடிச்சிக்கும்” என்று சொல்லி, சனிக்கிழமை வரைக்கும் அட்டவணை எழுதிக் கொடுத்தார் பயிற்சியாளர்.

திங்கட்கிழமைப் பயிற்சி இருபது நிமிடத்தில் முடிந்தது. வியர்வைகூட எட்டிப் பார்க்கவில்லை. சும்மா நிற்பானேன் என்று செவ்வாய்க்கிழமைக்கானதையும் செய்தார். அப்புறம் கை நிற்கவில்லை. புதன், வியாழன் என்று டிக் அடித்துக்கொண்டே போய், ஒன்பது மணிக்குள் சனிக்கிழமையையும் முடித்துவிட்டார்.

“ஓய்வு வாரம் ஒரே நாள்ல குளோஸ்!” என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினார். தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள், வழக்கத்தைவிட ஐந்து கிலோ கூட்டி, குனிந்து கம்பியைத் தூக்கினார். இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். கம்பி கீழே விழுந்தது. குனிந்த டார்கெட் நிமிரவில்லை.

“ஆறு வாரம் படுத்தே இருக்கணும்” என்றார் எலும்பு மருத்துவர்.

குப்புறக் கிடந்தபடியே டார்கெட் மனக்கணக்குப் போட்டார்.

“எனக்குக் கீழ ஆறு பேர் இருக்காங்க டாக்டர். ஆளுக்கு ஒரு வாரம் படுக்கச் சொல்றேன். இந்த வாரத்துலயே முடிச்சிடலாம்.”