ரோச்செஸ்டருக்குப் போன பேச்சாளர்

பிப்ரவரி மாதத்துக்குப் பேச்சாளர் பிடிப்பது ஹெஸ்டர் கால்வினுக்கு ஒவ்வொரு வருஷமும் பெரும்பாடு. மாசசூசெட்ஸில் அவள் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியின் பழைய மாணவியருக்கு, பல மாநிலங்களிலாக முப்பத்தொரு ஊர்களில் சங்கம் இருந்தது. ஒவ்வொரு சங்கமும் வருஷத்துக்கு ஒரு மதிய விருந்து வைத்து, கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்துப் பேசச் சொல்லும். யாரை எங்கே எப்போது அனுப்புவது என்று ஏற்பாடு செய்வது, கல்லூரியின் பழைய மாணவியர் அலுவலகத்தில் ஹெஸ்டரின் வேலை.

"ரோச்செஸ்டருக்கா? பிப்ரவரியிலயா?" என்றார் சரித்திரப் பேராசிரியர். "அந்தப் பனியில என்னைக் கொல்லணும்னா நேராச் சொல்லிடுங்க, மிஸ் கால்வின். எதுக்கு ரயில் செலவு?"

கடைசியில், எப்போதும்போல, மிஸ் பாஸ்கம்தான்.

கார்னீலியா பாஸ்கம் முப்பத்தெட்டு வருஷம் தாவரவியல் நடத்தி, 1954இல் ஓய்வு பெற்றவர். ஹெஸ்டருக்கும் ஆசிரியை. திரையில் காட்டும் செடிப் படங்கள் அடுக்கிய படப்பெட்டியும் கையுமாக எந்தப் பனியிலும் கிளம்பிவிடுவார். பாசியையும் பெரணியையும் பற்றி அவர் பேசினால், நகை போட்ட சீமாட்டிகள்கூட முட்டிபோட்டுத் தோட்டத்து ஈரத்தை முகர்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஹெஸ்டரின் மேஜை இழுப்பறையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று வூஸ்டரிலிருந்து: மிஸ் பாஸ்கம் பேசி முடித்து, பழப்பணியாரம் பரிமாறிய பிறகு, மறுபடி எழுந்து அதே பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தாராம். வேடிக்கை செய்கிறார் என்று எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். இன்னொன்று ஹார்ட்ஃபோர்டிலிருந்து: தங்கிய வீட்டுக்காரரை, காலைச் சாப்பாட்டின்போது மூன்று தடவை "நீங்கள் யார்?" என்று கேட்டாராம். இரண்டையும் கோப்பில் சேர்க்கவேண்டியவள், சேர்க்கவில்லை.

ரோச்செஸ்டர் தேதியைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் கரிந்த வாடை. கெட்டில் அடி கறுத்துக் கிடந்தது.

"தண்ணிய வச்சுட்டு ஜன்னல்ல பறவை பார்த்துட்டு நின்னுட்டேன்," என்று சிரித்தார் மிஸ் பாஸ்கம். பிறகு சிரிப்பு நின்றது. "ஹெஸ்டர், பட்டியல்லேர்ந்து என்னை எடுத்துடப் போறியா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது. பரீட்சையில தெரியாத கேள்விக்கு நீ இப்படித்தான் முழிப்ப." கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துடாதே. நாள் பூரா இந்தச் சுவரோட பேசிட்டு இருக்க முடியலடி."

ஹெஸ்டர் எடுக்கவில்லை. பரிதாபம் பாதி. இவரை விட்டால் பிப்ரவரிக்கு வேறு ஆளில்லை என்பது மீதி.

கூடவே போகலாமா என்றும் யோசித்தாள். போனால், பேச்சாளருக்குத் துணை எதற்கு என்று ரோச்செஸ்டர்க்காரர்கள் கேட்பார்கள். பதில் சொல்லவேண்டி வரும். அதனால் ஓர் அட்டையில் ஊரையும் சங்கத் தலைவி மிசஸ் ப்ரூஸ்டரின் தொலைபேசி எண்ணையும் எழுதி மிஸ் பாஸ்கமின் கோட்டுப் பைக்குள் வைத்தாள். ஸ்ப்ரிங்ஃபீல்டில் ரயிலேற்றிவிட்டு, "இந்த அம்மாவை ரோச்செஸ்டர்ல பார்த்து இறக்கி விட்டுடுங்க" என்று நடத்துநரிடம் சொன்னாள். அவரும் தொப்பியைத் தொட்டுத் தலையாட்டினார். வழியில் ஆல்பனியில் நடத்துநர்கள் மாறுவார்கள் என்பது பத்து வருஷமாக ரயில் அட்டவணையோடு மல்லுக்கட்டும் ஹெஸ்டருக்குத் தெரியும். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

மாலை நாலே முக்காலுக்கு அலுவலகத்தில் மணி அடித்தது. மிசஸ் ப்ரூஸ்டர்.

"ரயில் வந்துட்டுப் போயாச்சு, மிஸ் கால்வின். உங்க ஆளக் காணோமே! ஸ்டேஷன் பூராவும் தேடிட்டேன்."

சொல்லவேண்டியது என்ன என்று ஹெஸ்டருக்குத் தெரியும்.

"ஆல்பனியில காப்பி குடிக்க இறங்கி வண்டிய விட்டிருப்பாங்க," என்றாள். "ஏழு மணிக்கு இன்னொன்னு இருக்கே, அதுல வந்துடுவாங்க."

"அப்படித்தான் இருக்கும். இந்தப் புரொஃபஸருங்களே இப்படித்தான்!"

ஏழு மணி ரயிலிலும் அவர் வரவில்லை என்று மிசஸ் ப்ரூஸ்டர் மறுபடி கூப்பிட்டார். அப்புறம்தான் ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். "அவங்களுக்கு இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது. போலீஸுக்குச் சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

"இத அப்பவே ஏன் சொல்லல?" என்றார் மிசஸ் ப்ரூஸ்டர்.

போலீஸ் விசாரித்ததில் தெரிந்தது: மூன்று மணி வாக்கில், ரோச்செஸ்டருக்கு முந்திய ஒரு சின்ன நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாள் பெட்டியோடு இறங்கியதை டிக்கெட் கொடுப்பவர் பார்த்திருந்தார். "யாரோ அழைக்க வர்றாங்கன்னு சொன்னாங்க. நாலரைக்கு நான் சன்னலை மூடுற வரைக்கும் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க," என்றார். மறுநாள் காலை பனி ஒதுக்கும் வண்டிக்காரர், மூடிக்கிடந்த ஒரு தீவனக் கடையின் பின்சுவரோரம் மிஸ் பாஸ்கமைக் கண்டெடுத்தார். படப்பெட்டியை மடியில் வைத்து அணைத்தபடி விறைத்திருந்தார். அட்டை கோட்டுப் பைக்குள் அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் ஹெஸ்டர் இரண்டு கடிதங்களையும் தன் அலுவலக இயக்குநரிடம் கொண்டுபோய் வைத்தாள். அவர் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"வழி தவறிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. இத யார்கிட்டயும் காட்டணும்னு அவசியமில்ல."

அவள் காட்டினாள். அந்தச் சனிக்கிழமையே வெர்மான்ட்டுக்குக் கார் ஓட்டிப் போய், மிஸ் பாஸ்கமின் தங்கை ட்ரூசில்லாவின் முன்னால் வைத்தாள். அழைப்பு வந்த நேரம், தான் சொன்ன பொய், ஏழு மணி வரை காத்திருந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

ட்ரூசில்லா கண்ணாடியைக் கழற்றி, மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியும்," என்றாள். "கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப என்னைப் பார்த்து அம்மான்னு கூப்பிட்டா. இங்கயே இருந்துடுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வச்சுப் பார்க்கற தைரியம் இல்ல. அது என் பாவம், நான் சுமந்துக்கறேன்." கடிதங்களைத் தொடாமல் நிமிர்ந்தாள். "ஆனா அந்த ரெண்டு மணி நேரம் உங்களோடது. அதுக்கும் நான் ஆறுதல் சொல்லணும்னு வந்திருந்தா, என்னால முடியாது, மிஸ் கால்வின்."

"ஆறுதலுக்கு வரல."

"அப்ப சரி. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. ரோடு வழுக்கும்."

மிஸ் பாஸ்கம் பெயரில் இன்னும் இரண்டு ஊர்கள் பாக்கியிருந்தன. திங்கள்கிழமை ஹெஸ்டர் இரண்டு சங்கங்களையும் கூப்பிட்டாள். ப்ராவிடன்ஸ்காரி ஐயோ பாவம் என்று அழுதாள். போர்ட்லண்ட்காரி, எப்படி ஆச்சு என்று கேட்டாள். இருவருக்கும், தன் பங்கு உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள் ஹெஸ்டர். சேதி இயக்குநர் காதுக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் அவளை முகவரிகள் திருத்தும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தொலைபேசி கிடையாது.