மஞ்சள் குழாய்

நெஞ்சு வாரை இறுக்கியதும் தழும்பு சுரீரென்றது. முகம் சுளிக்காமல் நின்றேன். காட்சிசாலையின் பெரிய மீன்தொட்டிக்குள் காற்று உருளையோடு இறங்கிக் கண்ணாடி துடைப்பது எனக்கும் என் நாத்தனாருக்கும் வேலை. இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தேன். அன்றைய சோதனையில் தேறாவிட்டால் டிக்கெட் கவுன்டருக்கு மாற்றிவிடுவார்கள். தண்ணீருக்குள் கிடைக்கிற அமைதியை விட்டுவிட்டு அங்கே போய் நாள் முழுக்கக் கத்த எனக்கு மனமில்லை.

"உறுத்துதா அண்ணி?"

"இல்லையே."

"பொய். உறுத்துறத மாட்டிக்கிட்டு எறங்குனா புத்தி அங்கயேதான் நிக்கும். அப்புறம் காத்து எவ்வளவு மிச்சம்னு யாரு பாக்குறது?"

வாரைக் கழற்றி எறிந்தாள். கனமான உருளைக்குப் பதில் சின்னதைத் தூக்கி வந்தாள். என் இடது கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்ப மறுத்தது. அதனால் வலது தோளில் கயிற்றை இழுத்தால் காற்று வெளியேறுகிற பழைய மிதவை ஜாக்கெட் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். இப்போதும் அவ்வப்போது உரசல்தான். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைக்கூட இடது கையால்தான் நீட்டுகிறாள், பாதியைச் சிந்துகிறாள். "பீச்சாங்கையால குடுக்காதடி" என்று மாமியார் தினமும் திட்டுவார். திமிர் என்றுதான் நானும் நினைத்தேன்.

விசில் வந்தார். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுகிற மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர். என் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"உங்களுது சரிம்மா. உள்ள உங்களுக்குக் காத்து தீந்துட்டா? அவங்ககிட்ட இருக்கிற உபரி மஞ்சள் குழாயத்தான் வாங்கணும். அது அவங்க வலப்பக்கம் தொங்கும். எதிர்ல நிக்கிற உங்களுக்கு இடது கைதான் நேரா வரும். அந்தக் கை எழும்பலைன்னா, வலது கையக் குறுக்க நீட்டித் தேடிக்கிட்டா இருப்பீங்க?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நான் யோசித்ததும் இதைத்தான்.

நாத்தனார் திரும்பி நின்றாள். மஞ்சள் குழாய் அவள் இடப்பக்கம் தொங்கியது. அதைப் பிடித்திருந்த கொக்கியில் சாயமே போயிருந்தது. நேற்று இன்று மாட்டியதல்ல.

"எடது கையால குடுத்துப் பழகிட்டேன் சார். வீட்ல திட்டு வாங்குனதுதான் மிச்சம்."

உப்பு சிந்தியது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வருவேன் என்று நானே நம்பாத நாட்களில் எனக்காக இவள் கையை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கண் கலங்கியதை மறைக்க முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

தொட்டியின் அடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விசில் கை காட்டினார். காற்று தீர்ந்ததாக நான் கழுத்தருகே சைகை செய்து, வாயிலிருந்த என் குழாயை எடுத்துவிட்டு, வலது கையை நேராக நீட்டினேன். மேசையெல்லாம் உப்பைச் சிந்திய அந்தப் பீச்சாங்கை, கொஞ்சமும் நடுங்காமல் மஞ்சள் குழாயோடு என் வாயருகே வந்து நின்றது.