மருமகன் உத்தியோகம்

கொழும்பில் ஏதோ முகாமைத்துவக் கருத்தரங்குக்குப் போய்வந்த உதுமாலெவ்வை ஹாஜியார், வரும்போது ஒரு டையும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். டை கல்முனை வெக்கைக்கு அன்றே கழன்றுவிட்டது. கொள்கைதான் கழலவில்லை.

தன் புடவைக்கடைச் சேல்ஸ்மன்மாரைக் கூப்பிட்டு, இனி இங்கே முதலாளி, வேலையாள் என்ற பேதமில்லை, எல்லோரும் ஒரே குடும்பம் என்று பிரசங்கம் செய்தார். கண்கலங்கக் கேட்டவர்களுக்கு அடுத்த வசனத்தில் விஷயம் விளங்கிற்று. குடும்பத்துக்கு லீவு எதற்கு? இனி வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கடை திறக்கும்.

சேல்ஸ்மன்மாரில் ஒருவன் முத்தலிப். வெள்ளிக்கிழமை முழுநாள் லீவு என்ற பேச்சில்தான் அவன் வேலைக்கே சேர்ந்தான். அந்த ஒரு நாளில்தான் தன் ஊர் இறக்காமத்துக்குப் போய், இடுப்பு ஏலாமல் கிடக்கும் வாப்பாவின் வயலைப் பார்ப்பான். கேட்டுப் பார்த்தான். குடும்பத்துக்குள் இதெல்லாம் பேசலாமா தம்பி என்று ஹாஜியார் உருகினார். முத்தலிப் சைக்கிளை எடுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுக்கத் தொழில் கந்தோருக்குப் போனான்.

அதிகாரி புண்ணியமூர்த்தி கடைக்கே வந்தார். ஹாஜியார் சோடா உடைத்துக் கொடுத்து, தன் கடையில் தொழிலாளி என்று ஒரு சீவனும் இல்லை, எல்லாம் சொந்தக்காரர், சட்டத்துக்கு இங்கே வேலையே இல்லை என்றார்.

"அப்ப இவர் யார்?" அதிகாரி முத்தலிபைக் காட்டினார்.

"என்ட மருமகன், சேர்."

ஹாஜியார் மனதில் வைத்துச் சொன்னது அக்கா முறையான தூரத்து ராத்தா ஒருத்தியின் மகன் என்ற கருத்தில். ஆனால் மகளைக் கட்டியவனும் மருமகன்தானே. அதிலும் நம் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. ஹாஜியாரின் மகள் ஹப்ஸாவுக்குக் கடற்கரை வீதியில் இரண்டு மாடி வீடு எழும்புவது ஊருக்கே தெரியும்.

முத்தலிப் பணிவாகக் கைகட்டி நின்றான். "ஓம் சேர், மருமகன்தான். மாமா, கடக்கரை ரோட்டு வீட்டுக் கதவுத் திறப்ப எப்ப கையில தருவீங்க எண்டு சேருக்கு முன்னால செல்லுங்களன்."

ஹாஜியாரின் முகத்தில் இரண்டு மாடியும் இடிந்து விழுந்தன.

"வேலையாள், சேர். வல்லாஹி, இவன் வேலையாள்."

"மற்றவங்க?"

ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் நான்கு மருமகன்மார் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

"அவனுகளும்தான்."

அப்படியானால் அவர்கள் சம்மதமில்லாமல் வேலை நிபந்தனையை மாற்ற ஏலாது, வெள்ளிக்கிழமை லீவுதான் என்று சொல்லிவிட்டுப் புண்ணியமூர்த்தி சோடாவைக் குடித்து முடித்தார்.

முத்தலிப் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேலை மடிக்கப் போனான். அந்த நால்வரில் கடைசியாக நின்ற பஸாலுக்கு மட்டும் மனவருத்தம். மாடிக்கு என்ன நிறப் பெயின்ட் அடிப்பது என்று அவன் யோசிக்கத் தொடங்கியிருந்தான்.